பெட்டிக்குள் இருப்பவர்கள்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். குளிர் ஏறினால் அம்மாவின் முழங்கால் முணுமுணுக்கிறது. அதைவிட அதிகமாக அம்மா முணுமுணுக்கிறாள். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "நல்லா இருக்கேன் அத்தை" என்று ஒரே வாய்ப்பாட்டை ஒப்பிக்கிறீர்கள். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொள்வதால் நமக்குள் ஒரு வார்த்தை பேச முடிவதில்லை. அண்ணன் தவறிப்போனபிறகு நீங்கள் வேலைக்காக அவ்வளவு தூரம் போனதிலிருந்து நமக்குள் தொற்றிக்கொண்ட இந்தக் கடிதப் பழக்கத்தை நான் விடுவதாக இல்லை. படகு வரும் நாளில் தபால் போகும். சேரும்போது சேரட்டும்.

செய்தி இதுதான்: உங்கள் கம்பெனியின் மென்பொருள் எங்கள் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. என் அறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்: ஒரு ஜன்னல், வெளியே போர்வைகள் காயும் கொடிகள், வாயை மூடாத ஒரு ஃபிரிட்ஜ். இப்போது ஒரு லேபிள் பிரிண்டரும் இருக்கிறது. எண்ணைத் தட்டினால் கோடு கோடாக லேபிள் வருகிறது. குழாயில் ஒட்டி மெஷினில் வைத்தால், அது யாருடைய ரத்தம் என்று மெஷினே படித்துக்கொண்டு முடிவை அவரவர் பக்கத்தில் போட்டுவிடுகிறது. என் கையெழுத்தைப் பார்த்து இனி யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்ஸ்டால் செய்ய வந்தவர் படகிலேயே பாதி உயிரை விட்டுவிட்டார். இங்கே இன்டர்நெட் ஆடி அசைந்து வரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல, வேண்டியதையெல்லாம் படகேறும் முன்பே லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு வந்துவிட்டார். கெட்டிக்காரர். டாக்டரிடம், "எங்க அண்ணி அனுப்புனது சார், கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். மானத்தை வாங்கிவிடாதீர்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
அதே வாலு


ஜனவரி 27

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம். அத்தையின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. வேண்டாம் என்பார், கேட்காதே.

நீ டாக்டரிடம் சொன்ன பெருமையில் பெரும்பகுதியை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். அதில் நாங்கள் எழுதியது கொஞ்சம்தான். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி, ஏழெட்டுப் பேர். நாங்கள் எவ்வளவு எழுதிவிட முடியும்? வெளியில் யார் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருப்பதை எடுத்து மாட்டிக்கொள்கிறோம். லைப்ரரி என்று பெயர். புத்தக அலமாரியை நினைத்துக்கொள்ளாதே. உதிரிபாகம் என்று வைத்துக்கொள். தேதியைக் கணக்கிட ஒன்று, அச்சடிக்க ஒன்று, உன் லேபிளில் கோடு போட ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்து, சோதித்து, பெட்டி கட்டி வாடிக்கையாளருக்கு அனுப்புவது என் பொறுப்பு.

பெட்டி என்றேனே, அதில்தான் கொஞ்சம் இடிக்கிறது. எங்கள் பெட்டியில் இந்த உதிரிபாகங்கள் இருப்பதில்லை. இன்ஸ்டால் செய்யும்போது அந்தந்த இடத்திலேயே இன்டர்நெட்டிலிருந்து வந்து இறங்கிக்கொள்ளும். அன்றைக்கு எது புதிதோ அது. இங்கே நான் சோதித்தது போன வருஷத்துப் பாகங்களோடு. படகேறும் முன்பு அவர் இறக்கியது எந்த வெர்ஷனோ தெரியவில்லை. மேலாளரிடம் சொன்னேன். "புதுசுன்னா நல்லதுதானே மேடம்" என்றார். நல்லதாகவே இருக்கட்டும்.

என்னைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டேன். காலையில் வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது. அவ்வளவுதான்.

அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்கவேண்டும். சம்பிரதாயத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எங்கள் டாக்டர் உங்கள் அலுவலகத்துக்குப் போன் பண்ணியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெருமுனை வரைக்கும் கேட்டது. ஆனால் கத்துகிறவர்கள் எதையும் வரிசையாகச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

வார்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். வருஷக்கணக்காகச் சர்க்கரை, காலில் ஆறாத புண். அன்று காலை நான்தான் ரத்தம் எடுத்தேன். உதடு காய்ந்துபோய், தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மதியம் கம்ப்யூட்டரில் பார்த்தால் அவருடைய சர்க்கரை பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இருப்பதுபோல் அவ்வளவு அழகாக இருக்கிறது. நர்ஸுக்குத் தாங்கவில்லை. "இன்சுலினப் பாதியாக் குறைக்கச் சொல்லிட்டாரு டாக்டர்!" என்று சிரித்துக்கொண்டே மாடியேறினாள்.

அந்த நேரம் பார்த்து ஜன்னலில் தபால்காரர். காலையில் வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனவர். "என்னம்மா, ரத்தத்த மட்டும் வாங்கி வச்சுக்கிட்டீங்க. ரிசல்ட்டு எங்க?" என்றார். அவருடைய பக்கத்தைத் திறந்தேன். காலி.

ஒருவருடையது நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது. இன்னொருவருடையது இல்லவே இல்லை. இரண்டு குழாய்களையும் தேடி எடுத்தேன். தையல்காரம்மா 417. தபால்காரர் 0417. வார்டில் இருப்பவர்களுக்கு வெறும் எண், வெளியிலிருந்து வருபவர்களுக்கு முன்னால் ஒரு பூஜ்யம். இது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம், உங்கள் ஆட்களுக்கு முதலிலேயே சொன்னது. லேபிளில் கண்ணுக்குத் தெரியும் எண் சரியாகத்தான் இருந்தது. கோடு படிக்கும் ரீடரில் காட்டினால் இரண்டையும் 417 என்கிறது. கோடுகளுக்குள் பூஜ்யத்தைக் காணோம், அண்ணி! தபால்காரரின் முடிவு போய், தையல்காரம்மாவின் முடிவை அழித்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினேன். நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். "நிறுத்துடி!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றுவிட்டார்.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை. மறுபடி எடுத்துப் பார்த்தபோது தையல்காரம்மாவுக்கு நானூற்றுக்கும் மேலே. டாக்டர் என்னிடம், "கையாலயே எழுது. ஒழுங்காச் சரி பண்ணிக் குடுத்தா பாப்போம். இல்லன்னா எல்லாத்தையும் மூட்ட கட்டி அனுப்பிடு" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று சொன்ன வாய் என்னுடையது. அதை நினைத்துத்தான் அழுகை வந்தது. உங்கள்மேல் கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் இருக்கிறது.

வாலு


மார்ச் 1

அன்புள்ள வாலுவுக்கு,

அங்கே எல்லோரும் நலமா? தையல்காரம்மா எப்படி இருக்கிறார்? பதில் எழுதும்போது அதை முதல் வரியாக எழுது.

கோபப்படு. நீ கோபப்படாமல் இருந்திருந்தால்தான் எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும். நீ படியேறி ஓடியதை நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

டாக்டரின் போன் வந்தவுடனேயே எங்கள் மென்பொருள் இருக்கும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியையும் கூப்பிட்டு லேபிளை நிறுத்தச் சொன்னேன். இன்னும் சில இடங்களிலும் அந்தப் புது வெர்ஷன் இறங்கியிருந்தது. அங்கெல்லாம் எண்கள் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, பிழைத்தோம்.

இங்கே என் மெஷினில் 0417 அச்சடித்தால் சரியாக வருகிறது. புது வெர்ஷனைப் போட்டதும் பூஜ்யம் போய்விடுகிறது. அந்தக் கோடு போடும் லைப்ரரியை எழுதியவர் ஒரே ஓர் ஆள். இன்டர்நெட்டில் 'மரங்கொத்தி' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார். கடுமையாகத்தான் எழுதினேன். அன்றைக்கே பதில் வந்தது. முன்னால் நிற்கும் பூஜ்யம் தேவையில்லை என்று ஒரு கடைக்காரர் கேட்டதால் எடுத்தாராம். எடுத்ததை, புது வெர்ஷனில் என்னென்ன மாறியது என்று சொல்லும் குறிப்பில் ஒரு வரியாகச் சொல்லியும் இருக்கிறார். கடைசியில், "இது ரத்தக் குழாய்களில் ஒட்டப்படுகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வரியைத் தலைப்பில் போட்டிருப்பேன். அந்த அம்மா நலமா?" என்று கேட்டிருந்தார். தையல்காரம்மாவைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் யாரும் அப்படிக் கேட்கவில்லை.

மேலாளர் உடனே, "பாத்தீங்களா, தப்பு அவரோடது" என்றார்.

"டப்பா மேல நம்ம பேருதானே சார் இருக்கு?" என்றேன்.

"நாம எழுதாததுக்கு நாம எப்படிப் பொறுப்பாக முடியும்?"

"ஆஸ்பத்திரிக்காரங்க அவர்கிட்ட வாங்கல. நம்மகிட்ட வாங்குனாங்க. உள்ள யாரோட வேல இருந்தாலும் நாமதான் சோதிச்சு அனுப்பணும்."

இனி எந்த உதிரிபாகமும் வாடிக்கையாளர் இடத்தில் போய் இறங்கக் கூடாது, எது வேண்டும், எந்த வெர்ஷன் என்று இங்கேயே முடிவு செய்து, எங்கள் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டி அனுப்பவேண்டும் என்று கேட்டேன். அதுவரை புதிதாக யாருக்கும் எதுவும் போகக் கூடாது. மேலாளர், "நீங்களே செய்ங்க. வேற ஆள் தரமுடியாது" என்றார். அது போதும்.

அத்தையிடம் இதையெல்லாம் விவரமாகச் சொல்லவேண்டாம். தூக்கம் கெடும்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 16

அன்புள்ள அண்ணிக்கு,

தையல்காரம்மா நன்றாக இருக்கிறார். முதல் வரி ஆயிற்றா? புண் மெல்ல மெல்ல மூடுகிறது. நர்ஸின் சட்டையில் பிரிந்திருந்த தையலைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே போட்டுக் கொடுத்தார். நானும் அம்மாவும் நலம். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் என்றைக்கு எதை மறைத்திருக்கிறேன்? தூக்கமெல்லாம் கெடவில்லை. "அவ சரி பண்ணிடுவா" என்று சொல்லிவிட்டுக் குறட்டை விட்டாள்.

தபால்காரர் இப்போது தினமும் ஜன்னலில் நின்று, "என் ரத்தம் இன்னைக்கு யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

கோபம் போய்விட்டது. எப்போது போனது என்று தெரியவில்லை. கையால் லேபிள் எழுதி எழுதி விரல் வீங்கியதில் அதுவும் கரைந்திருக்கும்.

டாக்டருக்கு உங்கள் யோசனையைச் சொன்னேன். "அதான் மொதல்லயே செய்ய வேண்டியது" என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பாராட்டு வராது.

அந்த மரங்கொத்தி விசாரித்ததைக் கேட்டுத் தையல்காரம்மாவுக்கு ஒரே பூரிப்பு. எங்கேயோ இருக்கும் ஓர் ஆள் தன்னை நலம் விசாரிப்பதாவது! ஆமாம், மரங்கொத்தி ஆணா, பெண்ணா? சும்மாதான் கேட்டேன்.

இப்படிக்கு,
விரல் வீங்கிய வாலு


ஏப்ரல் 22

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். தாமதமாக எழுதுகிறேன், வேலை. விரலுக்கு ஐஸ் வை. அத்தையின் முழங்கால் தேவலையா?

பெட்டி ஏறக்குறைய தயார். எங்கள் மென்பொருளைப் பிரித்துப் பார்த்தபோது எனக்கே தலை சுற்றியது. ஒரு லைப்ரரிக்குள் இன்னொன்று, அதற்குள் வேறொன்று. நாங்கள் எடுத்து மாட்டியது கைவிரல்களுக்குள் அடங்கும். அவை தம்மோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தவை ஒரு ஊர் ஜனம். ஒன்றை எழுதியவர் வருஷக்கணக்காக எட்டியே பார்க்கவில்லை. இன்னொன்று இன்டர்நெட்டிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. நல்லவேளை, என்னிடம் ஒரு பிரதி இருந்தது. தேவையில்லாததைக் கழற்றினேன். மற்றதை ஒவ்வொன்றாகச் சோதித்து, இன்ன வெர்ஷன்தான் என்று பூட்டினேன்.

மரங்கொத்தி மிகவும் உதவினார். பழங்களைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கி ஒன்றில் பழப் பெட்டிகளுக்குப் பொறுப்பாளராக இருக்கிறார். அங்கே பெட்டிகள் மாறி மாறிப் போவது பொறுக்காமல்தான் அந்த லைப்ரரியையே எழுதினாராம். என் லேபிள்களைத் தன் கிட்டங்கி ரீடரில் வைத்துப் பார்த்து, எது எந்தக் கோணத்தில் படிக்கவில்லை என்று பொறுமையாக எழுதி அனுப்பினார். போன வாரம் பிரிண்டருக்கு உதிரிபாகம் வாங்க இந்த நகரத்துக்கு வந்திருந்தார். அலுவலகத்துக்கும் வந்தார். படிக்கட்டில் சைக்கிள் கடைக்காரரோடு அரைமணி நேரம் பேசி, செயின் ஒன்றை மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் மேலே வந்தார். கை முழுக்கக் கிரீஸ். டீ குடித்தோம். மரங்கொத்தி என்று ஏன் பெயர் என்று கேட்டேன். "ஒரே எடத்துல விடாம தட்டிக்கிட்டே இருப்பேன், அதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

ஒருவர் எழுதியதை எடுத்து அனுப்பும்போது அவர் பெயரையும் சேர்த்து அனுப்பவேண்டும் என்று இந்த லைப்ரரிகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இத்தனை நாள் நாங்கள் செய்யவில்லை. இனி 'இதில் பங்களித்தவர்கள்' என்று ஒரு பக்கம் வரும். அதில் அவர் பெயரைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இதுவரை யாரும் போட்டதில்லையாம்.

வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
அண்ணி


மே 4

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலம் என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

'வேறு விசேஷம் இல்லை'யாம்! கடிதத்தில் பாதி மரங்கொத்தி, மீதி மரங்கொத்தியின் லைப்ரரி. நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அவர் வந்தார், அவர் சிரித்தார், அவர் துடைத்தார் என்று எழுதிவிட்டால் ஆணா பெண்ணா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எழுத்தில் அது ஒரு வசதி. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள் பார்ப்போம்: 'அவரு'வா, 'அவங்க'ளா? வாய்க்கு அந்த வசதி கிடையாது!

சீண்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். சரி, சீண்டத்தான் செய்கிறேன். வாலு என்று அண்ணன் சும்மாவா பெயர் வைத்தான்?

பெட்டி எப்போது வரும் என்று டாக்டர் தினமும் கேட்கிறார். தையல்காரம்மா வீட்டுக்குப் போய்விட்டார், நடந்தே போனார்.

பதிலை எதிர்பார்த்து,
வாலு


ஜூன் 21

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? மேயில் நான் எழுதியதற்குப் பதில் இல்லை. தபால் தொலைந்துபோயிருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு பார்த்தேன். தபால்காரர், "நான் தொலைக்கிற ஆளா?" என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

உங்கள் பெட்டி வந்தது. நானே பிரித்தேன். உள்ளே ஒரு டிஸ்க், எப்படிப் போடவேண்டும் என்று ஒரு தாள். இன்டர்நெட்டே இல்லாமல், வேறு ஆளும் இல்லாமல், தாளில் சொன்னபடியே போட்டேன். முதல் வேலையாக 417, 0417 இரண்டையும் அடித்து ரீடரில் காட்டினேன். இரண்டும் வேறு வேறு! டாக்டர் தானே வந்து நின்று, முன்னால் ஒரு பூஜ்யம், இரண்டு பூஜ்யம், மூன்று பூஜ்யம் என்று அடித்துப் பார்த்தார். ஒன்றும் மாட்டவில்லை. கொஞ்சம் ஏமாந்த மாதிரிகூட இருந்தார். அப்புறம் அந்தப் பங்களித்தவர்கள் பக்கம் திறந்துகொண்டது. "என்னது இது, நம்ம ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல மரங்கொத்தி என்ன பண்ணுது?" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. இப்போது ஒரு மாதமாக ஒரு லேபிள்கூடப் பிசகவில்லை. கையால் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன், அண்ணி. எனக்கென்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

நேற்று நீங்கள் பேசி முடித்ததும் அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ அவளுக்கு என்னடி எழுதித் தொலச்ச?" என்றாள்.

"நான் என்ன எழுதுனேன்?"

"ஸ்பீக்கர்ல போடுறேன்னு கேலி பண்ணுவியே. எனக்கு வார்த்தை முக்கியமில்ல. அவ குரல் எப்படி இருக்குன்னு கேக்கணும். மார்ச்சுலேருந்து அவ குரல்ல ஒரு தெளிவு இருந்துச்சு. என் பையன் இருந்தப்போ இருந்த குரல். ஒரு மாசமா அது இல்ல. திரும்ப வாய்ப்பாடு ஒப்பிக்கிறா."

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. மரங்கொத்தியைச் சொன்னேன். தெரிந்ததை மட்டும் சொன்னேன்; தெரிந்ததுதான் என்ன? அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே துண்டை இரண்டு தடவை பிரித்து மடித்தாள்.

நான் விளையாட்டாகக் கேட்டது உங்களுக்கு வலித்திருந்தால் மன்னித்துவிடுங்கள். ஏதாவது எழுதுங்கள். என்னைத் திட்டியாவது எழுதுங்கள்.

வாலு


ஜூலை 3

அன்புள்ள வாலுவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்மேல் கோபமும் இல்லை. அத்தை நலமா என்று கேட்க இந்தத் தடவை கை தயங்குகிறது.

உன் மே மாதக் கடிதம் கிடைத்த மறுநாளே பதில் எழுத உட்கார்ந்தேன். 'அவர்' என்று எழுதினால் நீ சொன்னதுபோல் ஒளிந்துகொள்ளலாம். ஒளிந்துகொள்ளப் பிடிக்கவில்லை. ஒளியாமல் எழுதவும் முடியவில்லை. தாளைக் கிழித்துப் போட்டேன். பெட்டி கட்டும்போது உனக்கு ஒரு சீட்டு எழுதி வைத்து, மூடும் முன் எடுத்துவிட்டேன். அத்தையின் காது இவ்வளவு கூர்மை என்று தெரிந்திருந்தால் போனில் பேசுவதையும் நிறுத்தியிருப்பேன்.

ஆமாம், ஆண்தான். 'அவரு'தான். என்னைவிட இரண்டு வயது பெரியவர். கல்யாணமாகாதவர். தாயாரோடு இருக்கிறார். வாரக் கடைசியில் பேருந்து பிடித்து வருகிறார். ஆற்றோரமாக நடக்கிறோம். பெரும்பாலும் வேலையைப் பற்றித்தான் பேசுகிறோம், சிரிக்காதே. போன மாதம் அவர் லைப்ரரியில் புது வெர்ஷன் விட்டார். பூஜ்யம் இருந்த இடத்தில் இருக்கும், எல்லாம் சரியாகிவிட்டது என்றார். அவர் எழுதியது என்பதற்காக அப்படியே பெட்டியில் சேர்த்துவிட முடியுமா? பத்துப் பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளின் எண்களையும் ஓட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் நீளமான எண்ணின் வால் நறுக்கப்பட்டது. "இதைச் சேர்க்க முடியாது" என்று எழுதி அனுப்பினேன். வருத்தப்படுவாரோ என்று பயந்தேன். அடுத்த சனிக்கிழமை வந்து, "நான் எழுதுனத ஒருத்தர் இப்படி வரிவரியாப் படிச்சதே இல்ல" என்றார். அப்படியே, நாம் சேர்ந்து இருக்கலாமா என்றும் கேட்டார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

ஏன் என்று உனக்கு எழுதுகிறேன். உன் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உங்கள் வீட்டுக்குள் வந்தேன். அவர் போனபிறகும் யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை. இப்போது இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால், எந்த உரிமையில் அத்தையை அத்தை என்பேன்? நீ யாருக்கு அண்ணி என்று எழுதுவாய்? அவரை வேண்டாம் என்று சொல்ல மனமில்லை, வாலு. உங்களை விடவும் மனமில்லை. இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கவே கூசுகிறது.

அத்தையிடம் கேட்காமல் அவருக்குப் பதில் சொல்லமாட்டேன். கேட்கத் தைரியமும் இல்லை. இந்தக் கடிதத்தை அத்தையிடம் காட்டாதே. கொஞ்ச நாள் போகட்டும்.

அண்ணி


ஜூலை 17

அன்புள்ள மகளுக்கு,

மேலே ஒரு வார்த்தையை எழுதி அடித்திருப்பது தெரியும். மருமகளுக்கு என்று கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. புதுத் தாள் எடுக்கலாம் என்று பார்த்தேன், பரவாயில்லை, நீதானே.

நான் நலம். முழங்காலும் நலம், வாலு எழுதுவதையெல்லாம் நம்பாதே. உன் கடிதத்தை அவள் காட்டவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் தலையணைக்கு அடியிலிருந்து நானே எடுத்துப் படித்தேன். தப்புதான். பார்த்துவிட்டு வீட்டை இரண்டாக்கினாள். அழுதாள், அப்புறம் சிரித்தாள், இப்போது இந்தக் கடிதத்தில் என்ன எழுதுகிறேன் என்று தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறாள். போகச் சொன்னால் போகமாட்டேன் என்கிறாள்.

எனக்குச் சுற்றிவளைத்து எழுத வராது. என் மகன் இறந்த வருஷம் நீ என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாய். நான் எழுந்து உட்கார்ந்தால் நீயும் எழுந்து உட்கார்ந்தாய். ஒரு வார்த்தை பேசமாட்டாய். அதை அவனுக்காக நீ செய்யவில்லை, எனக்காகச் செய்தாய். அது எனக்கு அன்றைக்கே தெரியும். அதனால் அவன் வழியாக வந்தேன், வேறு வழியாகப் போய்விடுவேன் என்றெல்லாம் நீ எழுதியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நீ எந்த வழியாக வந்தாய் என்பதை நான் எப்போதோ மறந்துவிட்டேன்.

அந்த மனிதரிடம் சரி என்று சொல். அவரைக் காக்க வைக்காதே. தாயாரோடு இருக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். மகனைப் பெற்றவளுக்கு இந்த வயதில் என்னென்ன பயம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் அந்தத் தாயாரைப் போய்ப் பார். அப்புறம் நீயும் அந்த மனிதருமாகக் கிளம்பி இங்கே வாருங்கள். மாடி அறையில் வாலு அடைத்து வைத்திருக்கும் குப்பையைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறேன். வெள்ளையடிக்க ஆளும் பார்த்தாயிற்று.

அத்தை என்கிற பெயரை அவருடைய தாயாருக்குக் கொடுத்துவிடு. அவருக்குத்தான் அது சேரவேண்டும். எனக்கு வருத்தம் இல்லை. நீ என்னை அம்மா என்று கூப்பிடு. இத்தனை வருஷம் கழித்து முதலில் வாயில் வராது, கூச்சமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது இரண்டு மூன்று தடவை சும்மா கூப்பிட்டுப் பார். வேறொன்றும் பேசவேண்டாம். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆசிகளுடன்,
அம்மா